மொட்டைக்கு வந்த மவுசு

நான் சினிமாவில் நடித்தவள் என்று சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. நம்பினாலும், அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குக்கூட என்னை அடையாளம் தெரிவதில்லை. காரணம் என் முகம் அல்ல, முடி. நான் நடித்ததில் ஒரு படத்தின் முதல் பாதியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்கு மொட்டைத் தலை.

அந்தப் படத்தை எழுபதுகளின் நடுவில் எங்கள் ஜவ்வாது மலையில் எடுத்தார்கள். போளூர்ப் பக்கமிருந்து ஜீப்புகள் ஏறி வந்தன. ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தி வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் ஆடு மேய்க்காத சிறுமியைத் தேடுவதுதான் கஷ்டம். எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டே வந்த டைரக்டர் என் முன்னால் நின்றார். எண்ணெய் காணாமல் செம்பட்டையாகக் கிடந்த என் இரட்டைப் பின்னலைத் தூக்கிப் பார்த்து, "இந்த முடி நல்லா இருக்கே" என்றார். யாருக்கு வாய்ப்பு என்று நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் முடியை அதுவரை பேன் பார்ப்பதற்காகத்தான் மற்றவர்கள் தொட்டிருக்கிறார்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா அன்று சாயங்காலமே யாரிடமும் சொல்லாமல் வேடியப்பன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். மறுநாள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படப்பிடிப்பு எனக்கு ஒரு சிரமமுமில்லை. ஆட்டை ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். அழச் சொன்னார்கள், எங்கள் வெள்ளாட்டுக் குட்டியை வெட்டப் போவதாக நினைத்துக்கொண்டு அழுதேன். பாதிப் படம் முடிந்ததும் எல்லோரும் மெட்ராசுக்குக் கிளம்பினார்கள். திரும்பி வருவதற்குள் பாப்பாவை வெயிலில் விடாதீர்கள், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் ஆயிரம் பத்தியம் சொன்னார். முடியைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இடையில் வேடியப்பன் திருவிழா வந்தது. அப்போதுதான் அம்மா தன் வேண்டுதலைச் சொன்னாள். படம் கிடைத்தால் பெண்ணுக்கு மொட்டை. சாமி தன் பங்கைச் செய்துவிட்டது, நாம் தாமதிக்கலாமா? தாய்மாமன் மடியில் என்னை உட்கார வைத்தார்கள். டைரக்டர் புகழ்ந்த இரண்டு பின்னலும் என் கண் முன்னால் கீழே விழுந்தன. நான் அழுத அழுகையை கேமரா பார்த்திருந்தால் எனக்கு விருதே கொடுத்திருப்பார்கள்.

ஜீப் திரும்பி வந்தபோது முதல் ஆளாக ஓடியவள் நான்தான். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மேனேஜர் இறங்கி, "பாப்பா எங்கேடா?" என்று என்னிடமே கேட்டார்.

நான்தான் பாப்பா என்று தெரிந்ததும் டைரக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். பின்னலோடு வாசல் வரை ஓடி வரும் காட்சி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைய வேண்டியவள் மொட்டையாக நிற்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"இன்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க?" அம்மாவுக்கு ஆச்சரியம். "ஒங்க படத்துக்காகத்தானுங்க முடி குடுத்தோம்!"

மெட்ராசிலிருந்து வந்த பெட்டியில் ஒரு டோப்பா இருந்தது. பெரியவர்கள் தலைக்கானது. அதை வைத்துக்கொண்டு ஓடினால் அது என் மூக்கு வரை இறங்கிக் கண்ணை மறைத்தது. கழற்றிக் கீழே வைத்தால் ஆடு வந்து கடித்தது. மேனேஜர் பொறுமையிழந்து, "மெட்ராஸ்லேருந்து வேற பொண்ணக் கூட்டிட்டு வந்து முதல்லேருந்து எடுத்துடலாம் சார்" என்றார். முடியும் போய்ப் படமும் போவதா?

டைரக்டர் அம்மாவைப் பார்த்து, "சாமிகிட்ட என்ன சொல்லி வேண்டிக்கிட்டீங்க? அப்படியே சொல்லுங்க" என்றார். அம்மா கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

"இந்தப் புள்ள ஆசப்பட்டுட்டா சாமி. எங்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா கீது? அவ முடிதான் கீது. எடுத்துக்க."

டைரக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். படத்தில் என் அம்மாவாக நடித்த நடிகையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். மலையிறங்கிக் கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பி வர வேண்டும் என்று தாய் வேண்டிக்கொண்டு மகளுக்கு மொட்டை போடுவதாகக் கதையை அங்கேயே மாற்றினார். வெட்டுவதற்குத்தான் என் தலையில் முடியில்லை. என் மாமனையே மறுபடி உட்கார வைத்து, டோப்பாவைத் துண்டு துண்டாக வெட்டி அவர் மடியிலிருந்து விழ வைத்து எடுத்தார்கள். ஆடு கடித்தது போக மிச்சமிருந்த டோப்பா!

போளூர்க் கொட்டகைக்கு ஊரே இறங்கிப் போய் அந்தப் படத்தைப் பார்த்தது. மாமனின் முழங்கால் மட்டும் திரையில் தெரிந்தது. அதற்கே அவர் இன்றுவரை தானும் நடிகர் என்கிறார். வேண்டுதல் காட்சி வந்ததும் அம்மா எழுந்து நின்று, "அது நான் சொன்னதுங்க!" என்று கத்தினாள். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் மொட்டைக்கு மவுசு வந்தது. சாமியார் மடத்துப் பையன், அம்மை கண்ட குழந்தை, அனாதை என்று எந்த மொட்டைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். மெட்ராசில் டிவி நாடகம் ஒன்றிலும் நடித்தேன். மலையில் அப்போது டிவி ஏது? ஊருக்கு வந்து நானே முழுவதும் நடித்துக் காட்டினேன். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் முடி காதைத் தொடும் சமயம் பார்த்து ஜீப் வந்துவிடும். மற்ற பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவார்கள். எனக்குப் பூ வைக்க இடமில்லை. அழுதால் அம்மா, "வேடியப்பன் குடுத்த வழி. வேணான்னா சாமி கோச்சிக்கும்" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும்.

எண்பது பிறந்த சமயத்தில் ஜீப் வெகுகாலம் வரவில்லை. முடி தோளைத் தாண்டி இறங்கியது. ஒருநாள் காலை அம்மா எண்ணெய் வைத்து எனக்குப் பின்னிக்கொண்டிருந்தபோது அதே மேனேஜர் வந்து இறங்கினார். பெரிய படம், பெரிய ஹீரோவுக்குத் தங்கை வேடம் என்றார்.

"மொட்டை மட்டும் போட்டா போதும்."

அம்மாவின் கை என் பின்னலில் அப்படியே நின்றது. சரி என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "நான் வேண்டிக்கினது ஒரு மொட்டைதான். அத அப்பவே குடுத்தாச்சி. மீதிய எல்லாம் இவதான் குடுத்தா. இனிமே இந்த முடி இவுளுது."

மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். ஜீப் சத்தம் அடங்கிய பிறகு, "சாமி கோச்சிக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"கோச்சிக்கினா எங்கிட்ட வரட்டும். நீ தலைய ஆட்டாத."

அன்றோடு என் சினிமா வாழ்க்கை முடிந்தது. அம்மா ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். நான் இரண்டு பின்னலையும் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.