ஜெராக்ஸ் என்றால் மங்கிவிடுமாம்

மறைந்த என் மாமனார் பேசும் வீடியோ ஒன்றுதான் இருக்கிறது. புதுமனை புகுவிழாவில் எடுத்து, என் கணவர் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுதிய டிவிடி.

அது யாருக்கு என்பதில் கணவரின் அக்காக்கள் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது. காப்பி போட்டுத் தருகிறேன் என்றேன்.

மூத்தவரான ஆண்டிமடத்து அண்ணி ஒப்பவில்லை. "ஜெராக்ஸுன்னா மங்கிடும்மா. அப்பா மூஞ்சி மங்கலா எனக்கு வேணாம்."

அரியலூர் வீடியோ கடையில், "ஓடவிட்டுத்தான் ரெக்கார்டு பண்ணுவோம், லேசா டல்லடிக்கும்" என்றார்கள். டிவிடியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

நானே உட்கார்ந்தேன். டிஸ்கில் இருப்பதைச் சுருக்காமல், மாற்றாமல் அப்படியே ஃபைலாக எடுத்து, புது டிஸ்குகளில் எழுதினேன். ஒரு புள்ளி குறையவில்லை!

இன்று ஆண்டிமடம் போய் அண்ணிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது காப்பிதாங்க அண்ணி."

"எங்கிட்டயே கதையா? ஜெராக்ஸுல மீசை நரை இவ்ளோ பளிச்சுனு தெரியுமா? ஒரிஜினல எனக்குக் குடுத்துட்டேன்னு அவகிட்ட சொல்லிடாத, பாவம்."

அங்கிருந்து கல்லங்குறிச்சி. சின்ன அண்ணியும் அதையேதான் சொன்னார். அந்தப் 'பாவம்' உட்பட.

சாயங்காலம் இருவரும் போனில் சிரித்துப் பேசியிருக்கிறார்கள்.

ஒரிஜினல் எங்கள் பீரோவில் இருக்கிறது. சொல்லிவிடட்டுமா, இப்படியே விட்டுவிடட்டுமா?