திரைக்குப் பின்னால் முதலில் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை டீ இடைவேளையில் போன் வந்தது. தணிகாசலம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் சொன்னார். போசரி தொழிற்பேட்டையில் பதினொரு ஆண்டுகள் எனக்குப் பக்கத்து லேத் மெஷினில் நின்றவர். அழுகை வந்தது. கூடவே, கோபித்துக்கொள்ளாதீர்கள், சிரிப்பும் வந்தது. ஏன் என்று எழுதாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

அவர் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, கட்கியில் பிறந்தவர். மராத்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் வேலூரிலிருந்து வந்த புதிதில் ஒரு பக்கத்து விரை மட்டும் வீங்கிவிட்டது. வலி இல்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டி, நான்கு மாதம் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நான் கால் அகட்டி நடப்பதைக் கண்டுபிடித்தவர் அண்ணன்தான்.

"இன்னாடா, எங்க வீக்கம்? என்கிட்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

சிஞ்ச்வட்டில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனார். எனக்காக அவரே மராத்தியில் பேசினார். பேசியவரையே நோயாளி என்று நினைத்த டாக்டர், திரைக்குப் பின்னால் வரச் சொன்னார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே எழுந்து போனார்.

ஐந்து நிமிடத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே வந்தார். "எனக்கும் ஒண்ணு எறங்கித்தான் கீதாம். முக்காவாசி ஆம்பளைக்கு அப்படித்தானாம். எனக்கு ஒண்ணுமில்ல, இப்ப நீ போ."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் வீக்கத்தின்மேல் டார்ச் அடித்தார். வெளிச்சம் சிவப்பாக ஊடுருவியது. உள்ளே நீர்தான் என்றார். ஸ்கேனும் அதையே சொன்னது; புற்றுநோய் இல்லை. நரம்பு புடைத்தாலும் கிருமி தொற்றினாலும் ஒரு பக்கம் பெருக்குமாம். கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் நாள் கடத்தக் கூடாதாம். திடீரென்று உயிர்போகிற வலி வந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். டாக்டர் சொன்னதையெல்லாம் அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார். அப்பாடா! தெருவில் நின்றே அழுதேன்.

"நாலு மாசம் உட்டுட்டியேடா, பைத்தியக்காரா" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

மயானத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, எங்கள் கம்பெனி பெயிண்ட் பிரிவு முருகேசன் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

"எனக்கும் அவர்தாங்க முதல்ல போய்ப் படுத்தாரு. எனக்குக் கட்டிதான். சீக்கிரமே எடுத்துட்டாங்க. போன மாசம் பொண்ணு பொறந்திருக்கா."

எனக்கு இது தெரியவே தெரியாது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் அண்ணன் சொன்னதே இல்லை.

போய் வாருங்கள், அண்ணே. நீங்கள் காத்த ரகசியத்தை நாங்களே போட்டு உடைத்துவிட்டோம், மன்னியுங்கள். இனி நம் ஷெட்டில் யாராவது கால் அகட்டி நடந்தால், முதலில் நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.