தங்கம் தீர்ந்தபின் நிற்கிறவர்கள்

கேம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் படித்துக்கொண்டிருக்காதே, விளையாடு என்று என் கூட்டாளி சொன்னான். அவன் பெங்களூர் மல்லேஸ்வரத்துத் தமிழன். நான் கோலார் தங்கவயல்காரன். இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்துகொண்டிருந்தோம். ஜோகுபாளையத்தில் நான் குடியிருந்த ஒற்றை அறைதான் ஆபீஸ்.

பழைய ஸ்ட்ராட்டஜி கேம்களை ஒவ்வொன்றாக விளையாடினேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். மரம் வெட்டு, தங்கம் தோண்டு, படை கட்டு, எதிரியை அடி. நீ யோசித்து முடிக்கும்வரை எதிரி காத்திருக்க மாட்டான். தங்கம் சீக்கிரம் தீர வேண்டும். தீர்ந்தால்தான் ஆட்டக்காரன் தன் இடத்தைவிட்டு வெளியே வந்து சண்டை போடுவான். இதைக் கண்டுபிடித்ததும் எனக்குப் பெரிய ஆள் என்கிற நினைப்பு வந்துவிட்டது.

அப்போது அப்பா என்னோடு இருந்தார். சுரங்கத்தில் பாறை உடைத்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர். நுரையீரல் முழுக்கப் பாறைத்தூசி. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று கூட்டிவந்திருந்தேன். கட்டிலில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என் ஸ்கிரீனில் தங்கம் தோண்டுகிறவர்களைப் பார்த்துக் கிண்டல் அடிப்பார்.

"இன்னாடா, அவனுங்களுக்கு ஹெல்மெட்டு கூட குடுக்கல?"

"அது ராஜா காலம், நைனா."

"ராஜா காலத்துல தல கல்லா இருந்துச்சா?"

ஒரு நாள் மத்தியானம் கேமில் தங்கம் தீர்ந்தது. தோண்டியவர்கள் குழியைச் சுற்றி அப்படியே நின்றார்கள்.

"இன்னாத்துக்கு அங்கயே நிக்கிறானுங்க?"

"தங்கம் தீந்துபோச்சு. வேலை இல்ல."

அடுத்து நான் செய்தது கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். இந்த கேம்களில் உன் பக்கம் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. சும்மா நிற்பவன் ஒரு சிப்பாயின் இடத்தை அடைக்கிறான். அதனால் அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து டெலிட் பட்டனை அழுத்தினேன். சின்னதாக ஒரு சத்தம் போட்டு விழுந்தார்கள்.

அப்பா சிரித்தார். இருமல் வந்தது. இருமி முடித்தும் சிரித்தார்.

"பரவால்லடா. இங்க சட்டுனு முடிச்சுடறானுங்க."

கேமை மூடினேன்.

"உன் கேம்ல இவனுங்க இன்னா ஆவானுங்க?"

"இன்னும் யோசிக்கல, நைனா."

"யோசி. முடிச்சிட்டு எனக்குக் காட்டு."

தனக்கென்று எதையும் கேட்கிற மனிதர் இல்லை. இதைத்தான் கேட்டார்.

கூட்டாளிக்கோ அவசரம். பெங்களூர்ப் பழக்கத்தில் யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். "தங்கம் தீந்ததும் தானா மறைஞ்சுடட்டும் குரு. சிம்பிள்," என்றான்.

"முடியாது."

"பொம்மைக்குப் போய் அழறியே!"

அறையைவிட்டு வெளியே போடா என்று கத்தினேன்.

கடைசியில் ஒரு வழி செய்தேன். என் கேமில் தங்கம் தீர்ந்ததும் அவர்கள் விடியலில் வரைபடத்தின் ஓரத்துக்கு நடந்து, வெளியே போய்விடுவார்கள். சாயங்காலம் களைத்துத் தங்கள் வீடுகளுக்குத் திரும்புவார்கள். ஆட்டக்காரன் அவர்களைத் தொட முடியாது. வரம்பில் அவர்கள் இடம் அவர்களுடையதே. டெலிட் கிடையாது.

அந்தச் சாயங்கால நடை சரியாக வரவில்லை. கால்கள் தரையில் வழுக்கின. சரிசெய்து நாளைக்குக் காட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் அப்பா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு செத்துப்போனார். லேப்டாப் என் பையில்தான் இருந்தது.

பிறகு சிலரைக் கூப்பிட்டு விளையாடவிட்டோம். திட்டினார்கள். இந்தத் தண்டச்சோறுகளை எதற்கு வைத்திருக்கிறாய் என்று ஒருவன் கேட்டான்.

"இது கேமே இல்ல குரு. எவன் வெளாடுவான்?" என்றான் கூட்டாளி. அவன் சொன்னது சரிதான். கேமாகப் பார்த்தால் அது மட்டம். அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த வரம்பின் மேல்தான். இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று எவனோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான். தங்கம் இருந்தவரை அப்பாவுக்கும் அதில் இடம் இருந்தது.

நானும் இப்போது ஒரு கம்பெனியில் அடுத்தவர்களின் கேம்களுக்கு வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடையதைத் திறக்கிறேன். எப்போதும் தோற்கிறேன். படை வைக்க இடமில்லை. எதிரி வந்து அடிக்கிறான். சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்வரையாவது அவர்களுடைய வீடுகள் நிற்க வேண்டும் என்றுதான் விளையாடுகிறேன்.