சாம்பிராணி குடித்த கட்டடம்

எந்தக் கட்டடத்திலும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எனக்குப் பிடிக்கும் என்பது இந்தத் தளத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். குளிர்காற்று எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் திரும்பினால், விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்த மாதிரி இருக்கும். அதனால் என் மனைவியின் தம்பி குமரனுக்குப் புது அறிவியல் அருங்காட்சியகத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தபோது அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். போன ஆயுத பூஜைக்கு அவனே அழைத்தான். பூஜையும் பார்க்கலாம், கட்டடத்தின் பின்பக்கத்தையும் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். உடனே லீவு போட்டேன்.

அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் கீழே வரும். அந்தப் பக்கம் போனால் உங்களுக்கே தெரிந்துவிடும்; பழைய இரப்பர் தோட்டத்துக்கு நடுவே அவ்வளவு பெரிய வெள்ளைக் கூரை வேறு கிடையாது.

குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து காலை 7.50க்குக் காரை எடுத்தேன். செமோரில் நிறுத்தி இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். 5 ரிங்கிட் 20 சென். அங்கிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில் போக வேண்டும். வீட்டிலிருந்து மொத்தம் 29 கிலோமீட்டர். கிளம்பும்போது என் மனைவி ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தாள். குமரன் வருஷக்கணக்கில் குத்தகை வேலையாகவே பார்த்து அலைந்தவன். இரண்டு பிள்ளைகள். இங்கே ஆறு மாதத் தற்காலிகம் முடியப்போகிறது. வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவனுடைய மேலாளர் அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும். "அங்க போயி அது என்னா இது என்னான்னு கேட்டு, தம்பி வேலைக்கு உலை வச்சிறாதீங்க லா" என்றாள். நான் ஒன்றும் கேட்காமல் இருப்பதாகச் சத்தியம் செய்யாத குறை.

பெரிய கூடத்தில் நுழைந்ததும் சத்தியம் காற்றில் போனது. நாலு மாடி உயரம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஆனாலும் வியர்க்கவில்லை. குளிர்காற்று மேலிருந்து கொட்டவில்லை. தரையில் இருக்கும் துளைகளிலிருந்து மெல்லக் கசிகிறது. மனிதர்கள் நடமாடும் உயரம் வரைக்கும் குளிர்ந்தால் போதும், மேலே இருக்கும் வெறும் வெளியைக் குளிரவைத்து யாருக்கு லாபம் என்பது கட்டியவர்களின் கணக்கு. கூரை இரண்டு அடுக்கு; வெயிலை மேலடுக்கு வாங்கிக்கொள்கிறது. அதில் விழும் மழை நிலத்தடித் தொட்டிக்குப் போய்க் கழிப்பறைக்கு வருகிறது. மின்கட்டணம் குறைவான இரவு நேரத்தில் தண்ணீரை ஐஸாக உறையவைத்துவிட்டு, பகலில் அந்த ஐஸை வைத்தே குளிரூட்டுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மூக்குகள்தான். இவ்வளவு உயரமான கூடத்தில் புகை கூரையை எட்டுவதற்குள் ஆறி, நடுவிலேயே தங்கிவிடுமாம். அதனால் சுவர் நெடுக மெல்லிய குழாய்கள், அவற்றில் ஊசித் துளைகள். அந்தத் துளைகள் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி மோந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புகையைக்கூட விடாது என்று குமரன் பெருமையாகச் சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் ரோசலினைப் பின்கட்டில் சந்தித்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் சிறு சிலுவை, இடுப்பில் வாக்கி டாக்கி. வருஷத்துக்கு ஒரு நாள் பூஜை செய்வதில் அவருக்குத் தடை இல்லை. ஆனால் கட்டடத்துக்குள் ஒரு தீக்குச்சிகூட உரசக் கூடாது, வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு.

குமரனும் சொன்னபடியே செய்தான். இயந்திர அறைக்கு வெளியே, புல் ஓரத்தில் ஒரு மேசை. அதில் ஸ்பேனர்கள், மின்சோதனைக் கருவி, ஏணிக்கு ஒரு மாலை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி, கடலை, வாழைப்பழம். 10.30க்குத் தேங்காய் உடைத்தான். கரியில் சாம்பிராணியை அள்ளிப் போட்டதும் புகை குபுகுபுவென்று எழுந்தது. மேசைக்குக் காட்டினான், ஏணிக்குக் காட்டினான். அப்புறம் அவனுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே இருக்கும் பெரிய இயந்திரங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரில் ஆளுயரத்துக்கு இரும்புச் சட்டங்கள் போட்ட ஒரு திறப்பு இருந்தது. அதற்குப் பின்னால்தான் அவன் பொறுப்பில் இருப்பதிலேயே பெரிய விசிறி. நேராகப் போய் அதன் முன்னே நின்று, பழைய பேப்பரால் புகையை வீசிவிட்டான். விசிறி ஒரு இழை விடாமல் இழுத்துக்கொண்டது.

"பாருங்க மச்சான், நல்லா வாங்கிக்கிது" என்றான். முகமெல்லாம் பூரிப்பு.

கட்டடத்துக்குள் வெளிக்காற்றை இழுக்கும் விசிறி அது. எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை, அவனுக்கும்தான். சாமி கும்பிடும்போது யாருக்குக் காற்றுப்பாதை ஞாபகம் வரும்?

கொஞ்ச நேரத்தில் மணி அலறியது. குமரன் உள்ளே ஓட, நான் முன்பக்கம் ஓடினேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. லிஃப்டுகள் கீழே வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றன. மாடி விளிம்புகளிலிருந்து புகை தடுக்கும் திரைகள் இறங்கின. கூரை ஜன்னல்கள் வரிசையாகத் திறந்தன. வாசல் கதவுகள் தாமாகவே விலக, மக்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே வந்தார்கள். படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரே வீச்சில் கண்ணால் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அழகாக இருந்தது.

பொம்பா, அதாவது தீயணைப்பு வண்டி வந்தது. வீரர்கள் உள்ளே போய்த் தேடினார்கள். நெருப்பு எங்கும் இல்லை. அதற்குள் குமரன் என்னிடம் வந்துவிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டிருந்தது. கரியோ அணைந்துவிட்டது, புகையும் கலைந்துவிட்டது. அவன் கையில் இருந்த வாக்கி டாக்கியில் ரோசலினின் குரல் கேட்டது. கூடத்தில் ஒன்றும் இல்லை, புகை எங்கிருந்து வந்தது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அவன் பொத்தானை அழுத்திவிட்டான்.

"அக்கா, என் சாம்பிராணிதான். வெளிக்காத்து விசிறிக்கிட்ட காட்டிட்டேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து, "அங்கேயே இரு. வாரேன்" என்று மட்டும் வந்தது.

அவர்கள் பேசி முடிக்கும்வரை கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவியிடமிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கத் தைரியம் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு இருப்பதற்குப் பதில் உங்களுக்காகவாவது குறித்து வைப்போம் என்று குறித்தவை இவை. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 18 ரிங்கிட், சிறுவர்களுக்கு 9. திங்கள் விடுமுறை. கார் நிறுத்த 3 ரிங்கிட், சில்லறை வேண்டும். காலுறை போட்டுக்கொண்டு போங்கள்; தரைக்குளிர் கணுக்காலில் ஏறும். உள்ளே உள்ள கடையில் சாப்பாடு சுமார்தான், செமோரிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது நல்லது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

11.50க்கு மக்களை மறுபடி உள்ளே விட்டார்கள். கூரை ஜன்னல்கள் தாமாகத் திறக்குமே தவிர, மூடும்போது ஒவ்வொன்றையும் கையால் சுற்றித்தான் மூட வேண்டும். குமரனை மேலே ஏற்றிவிட்டார் ரோசலின். நான் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவன் இறங்கி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. ரோசலின் அங்கேயே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பூஜைப் பொரி எங்கே என்று கேட்டார். அவன் கொண்டுவந்து நீட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் கார் பார்க் கோடி மூலையில வச்சிக்க. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு ஏத்து."

அவர் போன பிறகும் குமரன் நின்ற இடத்திலேயே நின்றான். "அடுத்த வருஷம்னுதான சொன்னாங்க மச்சான்?" என்றான். ஆமாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க நான் ஒன்றும் முயலவில்லை. மனைவியை அழைத்து, உலை வைத்தது நான் இல்லை என்பதை முதலில் சொன்னேன். மறு வாரம் அவன் வேலை நிரந்தரமானது.

கடைசியாக ஒரு குறிப்பு. ஆயுத பூஜை அன்று போகிறவர்கள், கார் பார்க் கோடி மூலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த இடம் குமரனுக்கு.