தாணுலிங்கத்தின் மூன்றாவது விளக்கு

விழிஞ்ஞம் துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது, நம் டாக்சி ஸ்டாண்டின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: “முக்கண்ணன் போயாச்சு.” கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருடம் கிழக்கேகோட்டையில் நம்மோடு டாக்சி ஓட்டியவருக்குத் தாணுலிங்கம் என்று ஒரு பெயர் இருந்தது. ஸ்டாண்டுக்காரர்களே, செத்த அன்றைக்காவது நீங்கள் அதைச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. கோவளத்தில் இறங்கிய ஒரு வெள்ளைக்காரர் தாணுலிங்கம் அண்ணாச்சிக்குப் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் செய்து பார்த்து, பிறகு எல்லோரும் மறந்துபோன கார்களைப் பற்றியது. விமானத்தில் இருப்பதுபோல டர்பைன் பொருத்திய ஒரு கார் கடலை எண்ணெயிலும் ஓடுமாம். அதை ஜனங்களுக்கு ஓட்டக் கொடுத்து, திரும்ப வாங்கி, அநேகமாக எல்லாவற்றையும் செய்த கம்பெனியே நசுக்கிவிட்டது. “கொண்ணுட்டானுவ, கேட்டியா” என்பார், சொந்தக்காரர் சாவைச் சொல்வதுபோல. நாம் டீயைக் குடித்துக்கொண்டே சிரிப்போம்.

இன்னொரு காருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் திரும்பி வளைவுக்கு வெளிச்சம் காட்டும். ஐம்பது சொச்சம் வண்டி செய்வதற்குள் அந்தக் கம்பெனி மேல் கேஸ் போட்டார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தபோது கம்பெனியே இல்லை. அண்ணாச்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு விளக்கு வாங்கினார். சைக்கிள் பிரேக் கம்பியால் அதை ஸ்டியரிங்கோடு இணைத்துத் தன் வண்டியின் மூக்கில் பொருத்தினார்.

கல்யாணத்துக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பொன்முடிக்குப் போன அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. ஒரே பனிமூட்டம். முன்னால் அவர், பின்னால் நான். ஒரு கொண்டையூசி வளைவில் அவர் சட்டென்று நிறுத்தினார். பழுதான லாரி ஒன்று விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்றது. மூன்றாவது விளக்குதான் அதைக் காட்டியது. என் வண்டியில் ஐந்து பேர் இருந்தார்கள், அதில் இரண்டு குழந்தைகள்.

அதற்குப் பிறகும் நான் என்ன செய்தேன்? டூரிஸ்டுகள் வரிசையை விட்டுவிட்டு அவர் வண்டியைத் தேடிப் போனார்கள். நமக்கு வயிறு எரிந்தது. எதிரே வருகிறவர்களின் கண் கூசுகிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. சொன்னது நீங்கள், எழுதியது நான். ஃபிட்னஸ் டெஸ்டில் விளக்கைக் கழற்ற வைத்தார்கள்.

கழற்றிய விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஸ்டாண்டுக்கு வந்தார். கடிதத்தை ஆபீசில் அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்தார்.

“எழுத்து நல்லாருக்கு மக்கா. பேரு போடத்தான் விட்டுப்போச்சு.”

பிறகு எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவர் மேல் இன்றும் எனக்குத் தீராத கோபம் அதுதான். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? சாகிறவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, பாவி மனுஷன்.

பதினாறாம் நாள் அவர் மனைவி துண்டில் பொதிந்த அந்த விளக்கை என்னிடம் நீட்டினார். “தம்பி, இத ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாவ” என்றார். ஏன் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

விளக்கு இப்போது என் வண்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் என் வண்டிக்கு ஃபிட்னஸ் டெஸ்ட். மூன்று விளக்கோடுதான் போவேன். யாருக்காவது கண் கூசினால் எழுதிப் போடுங்கள், பேனா நானே தருகிறேன். இந்த முறை பேரைப் போட்டு எழுதுங்கள்.