உப்புத் தண்ணீரில் ஒரு ரத்தக்கட்டி

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு மருத்துவமனையின் கிருமி ஆய்வுக்கூடத்தில் நான்தான் டாக்டர். நோயாளிகளை நான் பார்ப்பதில்லை, அவர்களுடைய ரத்தமும் சளியும்தான் என்னைத் தேடி வரும். தி.நகர் வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை. நானே சமைத்து, நானே குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுவேன்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்த ஒரு வடபழனிப் பெண்ணுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. கிருமி வளர்கிறதா என்று அவருடைய ரத்தத்தைப் பாட்டில் பாட்டிலாக வைத்துப் பார்த்தேன், எதுவும் வளரவில்லை. "உங்க லேப்ல எதுதான் வளரும்?" என்று இதய மருத்துவர் ஃபோனில் கிண்டலடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வால்வில் பூஞ்சை பிடித்திருந்தால் ரத்தத்தில் சுலபமாக அகப்படாது என்றேன். அது அபூர்வம் என்று ஃபோனை வைத்துவிட்டார்.

ஒரு நாள் அந்தப் பெண்ணின் கால் திடீரென்று சில்லிட்டுப்போனது. வால்விலிருந்து பிய்ந்து வந்த ஏதோ ஒன்று ரத்தக்குழாயை அடைத்திருந்தது. உடனே ஆபரேஷன். அங்கே எதை வெளியே எடுத்தாலும் ஃபார்மலினில் போட்டுவிடுவதுதான் பழக்கம். அதில் விழுந்த கிருமி செத்துவிடும், அப்புறம் எதையும் வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு குப்பியில் கிருமியைக் கொல்லாத உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நர்ஸ் ஃபார்மலின் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தார். "அந்தக் கட்டியில எனக்குப் பாதி கொடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சி வாங்கினேன்.

மைக்ராஸ்கோப்பில் கிளை கிளையாக இழைகள். பூஞ்சையேதான். குதிக்கலாம் போலிருந்தது, பார்க்கத்தான் யாருமில்லை. இதய மருத்துவரிடம் சொன்னேன். அவர் கிண்டலடிக்கவில்லை. "மருந்து மட்டும் போதாது, வால்வையே மாத்தணும். தாங்குவாங்களான்னு தெரியல" என்றார். இதிலிருந்து பிழைத்தவர்கள் மிகச் சிலர் என்பது எனக்கும் தெரியும். என் சந்தோஷம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

வால்வு ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் பெண் இறந்துபோனார். அதற்கு இரண்டொரு நாள் முன்னால், ஒரு மத்தியானம், அவர் கணவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் கண்டுபுட்சீங்களாம் மேடம். இனிமே பயம் இல்லியே?"

"டாக்டர் சொல்வாரே."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்றாரு. அதான் உங்களாண்ட வந்தேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. வார்டில் அவரைத் தேடுவார்களே என்றேன்.

"கொஞ்ச நேரம் இங்கியே இருக்கேன் மேடம். இப்ப மேல போனா, என் மூஞ்சியப் பாத்தே அது தெரிஞ்சிக்கும்."