எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல்

மருத்துவமனையில் அவளை எல்லாரும் வயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணினிகளை இணைத்து வார்டுகளின் கூரைக்குள் ஓடும் கேபிள்கள், அவை வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிகள், அவற்றைத் திரையில் கண்காணிக்கும் வேலை எல்லாம் அவள் பொறுப்பு. கணவன் பேருந்து ஓட்டுநர். தான் ஒரு வண்டியைப் பார்த்துக்கொள்வதாகவும் மனைவி ஒரு ஊரையே பார்த்துக்கொள்வதாகவும் மச்சினன்களிடம் பாதி கேலியும் பாதி பெருமையுமாகச் சொல்வான்.

அவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெட்டிகளிடம் நிலவரம் கேட்க ‘பப்ளிக்’ என்று ஒரு கடவுச்சொல், உத்தரவு போட ‘பிரைவேட்’ என்று ஒரு சொல். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சொற்கள், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே யாரும் மாற்றாமல் கிடந்தன. கேபிளில் போகும்போதும் அஞ்சலட்டை மாதிரி திறந்தே போயின. ஆள் யாரென்று சரிபார்த்து, பேச்சையும் மறைத்து அனுப்பும் புதிய முறை அதே பெட்டிகளில் சும்மா கிடந்தது. மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள். நல்ல மனிதர்தான், ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்கப் பயந்தார்.

ஒரு காலையில் பதிவு கவுன்ட்டர்கள் ஒரேயடியாக முடங்கின. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் போய்ப் பார்த்தால், ஸ்விட்ச்சின் இணைப்புகளை யாரோ உத்தரவு போட்டு அணைத்திருந்தார்கள். பிரிண்டர் பழுதுபார்க்க வந்தவர் தன் மடிக்கணினியிலிருந்து செய்த வேலை அது. பிரிண்டர் என்று நினைத்து ஸ்விட்ச்சை நிறுத்திவிட்டார். அவருடைய மென்பொருள் தானாகவே ‘பிரைவேட்’ என்று சொல்லிப் பார்க்க, பெட்டியும் கதவைத் திறந்துவிட்டது.

அவள் இணைப்புகளை மீட்டாள். வரிசை நகர்ந்தது. அந்த ஆள் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மேலாளர் கொதித்தார். பிரிண்டர்காரர் முகம் செத்து, பையை மார்போடு அணைத்தபடி நின்றார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“அவரை மட்டும் சொல்லி என்ன சார் பண்றது? பூட்டாம வச்சிருந்தது நாமதானே.”

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா. ஆரம்பி. நானும் கூட உக்கார்றேன்.”

இருவரும் ஒவ்வொரு பெட்டியாகப் புதிய முறைக்கு மாற்றினார்கள். அவசரப் பிரிவின் ஸ்விட்ச்சில் அவள் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்துவிட்டாள். பெட்டி வேலை செய்தது, அவளுக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்தது. கீழே ஓடி, பெட்டியிலேயே நேராகக் கேபிளைச் செருகிச் சரிசெய்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். இப்போதுதான் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்று மேலாளர் சிரித்தார்.

பிரிண்டர்காரர் அடுத்த முறை வந்தபோது கேபிளைத் தொடுவதற்கு முன் அவளைத் தேடி வந்தார். நிலவரத்தைப் பார்க்க மட்டும் முடிகிற ஒரு பயனர் கணக்கைக் கொடுத்தாள். மாற்றுகிற உரிமையே தனக்கு வேண்டாம் என்று அவர் கும்பிட்டார்.

ரத்த வங்கிக் குளிர்ப்பெட்டியில், கேபிள் வழியே வெப்பநிலை சொல்லும் பழைய வெப்பமானிக்குப் புது முறை தெரியவில்லை. அதைத் தனி இணைப்பில் ஒதுக்கி, கண்காணிப்புக் கணினி மட்டும் கேட்கும்படி வைத்தாள். அது அரைகுறைப் பாதுகாப்புதான் என்பதை மறைக்காமல் சொன்னாள். புதியது வாங்க மேலாளர் எழுதிப் போட்டார். அது இன்னும் வரவில்லை. அதுவரை, வீட்டுக்குக் கிளம்பும்போது ரத்த வங்கி அறைக்குள் நுழைந்து, வெப்பநிலையைத் தன் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறாள்.